பூக்கடைக்குப் பூ தடை

வகுப்பில் அவளுக்குப் பெயர் பூக்கடை. துணி வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து எதை வரையச் சொன்னாலும் கடைசியில் பூவில் கொண்டுபோய் விடுவாள். பாலம் வரையச் சொன்னால் கைப்பிடியில் கொடி படரும். ஒருமுறை பாம்பு வரைந்தாள். வாலில் மொட்டு விட்டது.

இறுதி புராஜெக்ட் வந்ததும் கைடு மேடம் அந்த வாசலை அடைத்துவிட்டார்.

"பூ, இலை, காம்பு எதுவும் என் கண்ணுல படக்கூடாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள ஐடியா ஓகே ஆகலைன்னா, அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்."

அன்றிலிருந்து வீடே இன்ஸ்பிரேஷன் தேடியது.

"அது எப்படிடி இருக்கும்? கூட்டும்போது கிடைச்சா எடுத்து வைக்கிறேன்" என்றாள் அம்மா. சித்தப்பா குனிந்து தன் வழுக்கையைக் காட்டினார். "இதைப் பார்த்து வரைஞ்சுக்கோ. இங்க எதுவும் முளைக்க வாய்ப்பே இல்ல."

குழாயடிப் பாசி, பஸ் சீட்டின் கிழிசல், எதிர்வீட்டுக்காரரின் மூக்கு என்று எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்தாள். மூக்கு மட்டும் நன்றாக வந்தது. ஆனால் ரோஜா மொட்டு மாதிரி வந்தது.

வியாழன் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பாவுக்கு டீ கொண்டுபோனாள். வீட்டின் முன்னறைதான் அவருடைய இஸ்திரிக் கடை. போன் அடித்தது, அப்பா பெட்டியை மேஜை விரிப்பின் மேலேயே வைத்துவிட்டுப் பேசப் போனார்.

"அப்பா, புகை!"

அவர் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார். அடியில் புத்தம்புதிதாக ஒரு பழுப்புத் தழும்பு, படகு போல, மூக்கு கூராக.

"போகட்டும் விடு. நூறோடு நூத்தியொண்ணு."

அப்போதுதான் அவள் விரிப்பைப் பார்த்தாள். பழைய பொன்னிறத் தழும்பின் மேல் காப்பி நிறத் தழும்பு, அதன் மேல் கரிய விளிம்பு. ஒரு படகுக் கூட்டமே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கரைக்கு விரைவது போல இருந்தது. எங்கேயும் ஒரு இதழ்கூட இல்லை!

"அப்பா, இது எனக்கு வேணும்!"

"எடுத்துட்டா நான் எது மேல தேய்க்கிறது? உங்க சித்தப்பா தலை மேலயா?"

அவள் உள்ளே பாய்ந்து, முதல் வருடத்தில் சாயம் அச்சிட்ட துணி ஒன்றை அலமாரியிலிருந்து உருவி வந்து மேஜையில் விரித்தாள். சொல்ல வேண்டுமா, முழுக்கப் பூ.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி. கைடு மேடம் விரிப்பை மேஜையில் பரப்பி இரண்டு முறை சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். தலையை ஆட்டியபடி ஒரே வார்த்தை சொன்னார்.

"ரிப்பீட்."

பூக்கடை வராந்தாவுக்கு ஓடி அம்மாவுக்கு போன் போட்டாள். "அம்மா, ரிப்பீட்டாம்மா! முழுசா ஒரு வருஷம்மா!" அந்தப் பக்கம் அம்மா அதைவிடச் சத்தமாக அழத் தொடங்கினாள்.

மேடம் பின்னாலேயே வந்து போனைப் பிடுங்கினார். "அம்மா, அழாதீங்க, உங்க பொண்ணு பாஸாகிடுவா" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "அடி அசடே, ரிப்பீட்னா என்ன? ஒரு டிசைன் எத்தனை இஞ்சுக்கு ஒருதரம் திரும்ப வரும்ங்கிற கணக்கு. மூணு வருஷமா எழுதிக் கிழிச்சியே! வருஷத்தையா திருப்பச் சொன்னேன்? இந்தத் தழும்பைத்தானே கேட்டேன்!"

அழுத கண்ணோடு அவள் சிரித்த சிரிப்பில் ஆபீஸ் பியூன் எட்டிப் பார்த்தார். மேடம் பேனாவைத் திறந்து ஓகே என்று கையெழுத்துப் போடும் நேரம், மறுபடி போன். இந்த முறை அப்பா.

"ஏம்மா, என்ன துணிம்மா விரிச்சே? சூட்டுல சாயம் மேல ஏறிடுச்சு! பல் டாக்டரோட வெள்ளைக் கோட்டு முதுகு பூரா பூ! அவரு பார்க்காம மாட்டிட்டுப் போயிட்டாரு!"

"ஐயையோ! திட்டினாரா?"

"எங்க திட்டினாரு? பூவை எண்ணிக்கிட்டே இருந்துச்சாம், பல்லு புடுங்க வந்த குழந்தை ஒண்ணுகூட அழலையாம். இன்னும் ரெண்டு கோட்டு அனுப்பியிருக்காரு, இதே மாதிரி வேணுமாம். என்னம்மா சொல்லட்டும்?"

அவள் ஓரக்கண்ணால் மேடத்தைப் பார்த்தாள். கையெழுத்து முடிந்திருந்தது.

"ரிப்பீட்னு சொல்லுங்கப்பா."