விரியாத குடை

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடை. கறுப்புத் துணி, வளைந்த மரக் கைப்பிடி, நல்ல கனம். எந்த மழைக்கும் அதை விரித்ததில்லை. ஆனால் சித்திரை வெயிலில்கூட என் வீட்டுக்காரர் சௌந்தரராஜன் அதை ஊன்றிக்கொண்டுதான் மல்லாபூரிலிருந்து நாச்சாரத்துக்கு வேலைக்குப் போவார். அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நாங்கள் விருதுநகரிலிருந்து ஹைதராபாத் வந்த சில வருஷத்தில் அவருக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. முட்டியும் கணுக்காலும் வீங்கிக்கொள்ளும். காலையில் சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் மடங்காது.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இது முழுசாகப் போகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், ஒரு கைத்தடி வாங்கிக்கொண்டால் வலி குறைவாக நடக்கலாம் என்றார். வெளியே வந்ததும் இவர் என்மேல்தான் எரிந்து விழுந்தார்.

"நாப்பத்தாறு வயசுல தடியா? நொண்டின்னு பேர் வாங்கிக்கிட்டு வரவா?"

என்னமோ நான்தான் வியாதியைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி! மறுநாள் வாங்கி வந்ததுதான் இந்தக் குடை. யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வேறு. "என்ன சார், இன்றைக்கு மழை வருமா?" என்று வாட்ச்மேன் சாம்பசிவம் தினமும் தெலுங்கில் கேட்டுச் சிரிப்பாராம். இவரும் சிரித்து வைப்பாராம். பிறகு வீட்டுக்கு வந்து சாம்பாரில் குற்றம் கண்டுபிடிப்பார்.

2007 ஜூன் மாதம் வலி கூடிவிட்டது. குடையின் நுனி கம்பெனியின் வழவழப்பான தரையில் வழுக்கியது.

"இந்த மாசத்தோட வேலையை விட்டுடறேன் ரமா," என்றார் ஒருநாள். "தடியை ஊனிக்கிட்டு எல்லார் முன்னாலயும் போய் நிக்கிறதுக்கு, பேசாம வீட்லயே கெடக்கேன்."

சம்பளம் போனால் தையல் மெஷினை வைத்துச் சமாளித்துவிடுவேன். என் பயம் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவுக்கே சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷர், எல்லா நாளும் ஞாயிறானால் என்ன ஆவார்? கெஞ்சினேன், கத்தினேன். ம்ஹும்.

அந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. இவரை அழைத்துப் போகக் கம்பெனிக்கு நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து, வீட்டில் இருக்கிற ஒரே குடையைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

வாசல் ஷெட்டில் இவரும் சாம்பசிவமும் ஸ்டெல்லாவும் ஒதுங்கி நின்றார்கள். ஸ்டெல்லா அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கிற செகந்திராபாத் தமிழ்ப் பெண். அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

"அப்பாடா, இத்தனை நாள் தூக்கிட்டு அலைஞ்சதுக்கு இன்னிக்குத்தான் குடைக்கு வேலை வந்திருக்கு!" என்று சிரித்தாள். "விரிங்க சார், மெயின் ரோடு வரைக்கும் நானும் வர்றேன். பஸ் போயிடும்."

சாம்பசிவமும் சிரித்தார். இவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"கம்பி உடைஞ்சிருக்கும்மா."

பச்சைப் பொய்! உண்மை எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் செய்து கொடுத்த சத்தியம் இருக்கிறதே. "பரவால்ல சார்," என்று ஸ்டெல்லா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். சேற்றில் கால் சறுக்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டாள், நல்லவேளை.

"நில்லும்மா ஸ்டெல்லா!"

இவர் போட்ட சத்தத்தில் நானே திடுக்கிட்டேன்.

"குடை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கால் சரியில்ல. இதை ஊனாம என்னால நடக்க முடியாது. விரிச்சா எதை ஊனுறது? இது எனக்குக் குடை இல்லம்மா, கைத்தடி."

சாம்பசிவத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டெல்லா ஷெட்டுக்குள் திரும்பி வந்தாள்.

"அவ்ளோதானா சார்? குடையை எங்கிட்ட குடுங்க, நான் பிடிக்கிறேன். நீங்க அக்கா தோளைப் பிடிச்சுக்குங்க. மூணு பேரும் சேர்ந்தே போலாம்."

"நீ நனைஞ்சிடுவேம்மா."

"நக்கோ, வேணாம் சார், வாதம் பண்ணாதீங்க. பஸ் போயிடும்!"

கல்யாணமான நாளிலிருந்து தெருவில் என் கையைக்கூடத் தொடாதவர், அத்தனை பேர் பார்க்க என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆட்டோ நிறுத்தச் சாம்பசிவம் முன்னால் ஓடினார். என் தோள் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

"பாவம்னு ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா அந்தப் பொண்ணு?" என்றார் ஆட்டோவில். நான் அழுதுவிட்டேன். "இப்ப எதுக்குடி அழறே?" என்று அதற்கும் ஒரு அதட்டல். டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உப்பலில் மருந்துக்கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அடியில் ரப்பர் வைத்த தடியை அவரே பிடித்துப் பார்த்து வாங்கினார்.

வியாதி எங்கேயும் போய்விடவில்லை. காலையில் விரல் இன்னமும் மடங்காது. இப்போதெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார், நான் பொத்தானைப் போட்டுவிடுவேன். சாம்பாரை எப்போதாவதுதான் குறை சொல்கிறார்.

அந்த வருஷம் ஜூலை ஒன்று ஞாயிறு. மறுநாள் காலையில், இவர் வேலைக்குப் போவாரோ, சொன்னபடி விட்டுவிடுவாரோ என்று அடுப்படியிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டக் டக்கென்று தடிச் சத்தம் வாசல்வரை போனது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது.

"குடை?" என்றேன்.

"அதை நீ வச்சுக்க. மழை வந்தா நான் யாரையாவது கேட்டுக்கறேன்."