கொக்கின் முழங்கால்

பழவேற்காட்டுச் சேற்றுக்கு ஒரு வாடை உண்டு. உப்பும் மீனும் அழுகிய முட்டையும் கலந்த அது மூக்கில் ஏறிவிட்டால், பெங்களூர் திரும்பி மூன்று நாள் குளித்தாலும் போகாது. பிரேசர் டவுனில் எங்கள் தெருக்காரர்கள் பொங்கல் முடிந்த கையோடு சொந்த ஊருக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்புவார்கள். என் அப்பா மட்டும் அம்மாவையும் என்னையும் ரயிலில் சென்னைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பஸ் மாற்றி, கடலோரத்துப் பூநாரைகளைப் பார்க்க இழுத்துப்போவார்.

அப்பா ஃபிட்டர். எதையும் அளக்காமல் இருக்க அவரால் முடியாது. ஞாயிறுதோறும் ஓசூர் ரோட்டுப் பக்கமிருந்த ஓர் ஏரிக்கு, எங்கள் பேச்சில் "கெரே"வுக்கு, என்னை சைக்கிளில் கூட்டிப்போவார். கொக்கின் காலைப் பார்த்தே தண்ணீரின் ஆழத்தைச் சொல்லிவிடுவார். "கொக்குக்கு முட்டி நனைஞ்சா நமக்குக் கணுக்கால்தாம்மா. பறவை நிக்கிற எடத்துல ஆளும் நிக்கலாம்" என்று பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கியும் காட்டுவார். ஏரியின் அடி கெட்டியான செம்மண்; அவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

எனக்குப் பதினோரு வயதான அந்தத் தை மாதம், பழவேற்காட்டில் படகுக்காரர் கழியை ஊன்றி எங்களை நெடுந்தூரம் கொண்டுபோனார். பூநாரைகள் பறக்கவில்லை; நாங்கள் நெருங்க நெருங்க, சத்தமே இல்லாமல், ஓரோர் அடியாக விலகிக்கொண்டே இருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவோ செருப்பைக் கழற்றினார்.

"எறங்காதீங்க சார். பறவைக்கு எடையே கெடையாது, சேறு தாங்கும். கடல் மொகத்துவாரம் வேற தொறந்து கெடக்கு, தண்ணி ஏறும்" என்றார் படகுக்காரர்.

"முட்டிக்குக் கீழதானே இருக்கு? நம்ம கெரே மாதிரிதான்" என்று அப்பா இறங்கிவிட்டார். இருபது அடி நன்றாகவே நடந்தார், திரும்பிக் கையும் காட்டினார். அப்புறம் திடீரென்று குள்ளமானார். ஒரு காலை இழுக்க மறு கால் போனது. தொடை போனது, இடுப்பு போனது. அப்போதும் பைனாகுலரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அவர் கற்றுக்கொடுத்தபடியே பறவைகளின் கால்களைப் பார்த்தேன். முட்டிகள் மறைந்துவிட்டிருந்தன.

அம்மா அலறவில்லை, அவர் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். படகுக்காரர் இருக்கைப் பலகைகளைப் பெயர்த்துச் சேற்றில் பரப்பி, அவற்றின்மேல் குப்புற ஊர்ந்து, "நிக்காதீங்க சார், படுங்க! படுத்துக் கழியப் புடிங்க!" என்று கத்தினார். நீர் அப்பாவின் மோவாயைத் தொட்டபோதுதான் அவர் கையிலிருந்து பைனாகுலர் நழுவியது. பிடித்து இழுக்கக் கை கிடைத்ததும் அதனால்தான்.

அதன்பின் நாங்கள் கடற்கரைப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரியும் நின்றுபோனது.

இன்று அந்த ஏரி இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்களுக்காக அதை மேடாக்கிக் கட்டிய அடுக்குமாடிகளில் ஒன்றில்தான் நானும் வீடு வாங்கியிருக்கிறேன். இந்த மழைக்காலத்தில், விடிய விடியப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், என்னோடு வசிக்கும் அப்பாவும் நானும் கீழே இறங்கினால் வாசல் முதல் கேட் வரை ஒரே கலங்கல் நீர். கேட்டருகே ஒரு கொக்கு நின்றது. கம்பெனி வண்டி வரும் நேரம். "கொக்குக்கு முட்டிதாம்பா நனைஞ்சிருக்கு, நடந்தே போயிடுவேன்" என்று பேண்ட்டைச் சுருட்டினேன்.

எண்பது வயது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. "எறங்காத" என்றார், அவ்வளவுதான். நான் இறங்கவில்லை.

மாலையில் நீர் வடிந்தபோது கேட்டருகே இருந்த பெரிய மழைநீர்க் கால்வாயின் சுவரைக் காணோம். கால்வாய்க்குள் ஒரு கார் கிடந்தது. காலையில் கொக்கு நின்றது அதன் கூரைமேல்.