லாரித் தண்ணீரில் எனக்கும் ஒரு குடம்

இன்று காசிமேட்டுக் குடிசைப் பகுதியில் பெண்களுக்கு உரிமைகள் பற்றிக் கூட்டம் வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

தண்ணீர் லாரி வரும் நேரமாம். எல்லோரும் தெருமுனையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

சரி, கூட்டத்தை இங்கேயே நடத்துவோம் என்று, கைப்பையைக் கடைசிக் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். "நமக்கு உரியதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது." கைதட்டல் பலமாக இருந்தது.

அப்போது புதிதாக வந்த பெண் ஒருவர் என் பையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தார். எங்கள் மகளிர் குழுத் தலைவி செல்வி அக்கா பாய்ந்தார்.

"இன்னாம்மே, பைய நவுத்திகினு கீறே? அது எங்க மேடம் எடம்!"

லாரி வந்தது. என் முறையும் வந்துவிட்டது.

"எனக்கு எதுக்குக்கா தண்ணி?" என்றேன்.

"நீதான மேடம் சொன்னே, வுட்டுக் குட்க்கக் கூடாதுன்னு?"

தன் குடம் ஒன்றையே நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டார். தெருவே சிரித்தது. நானும்தான்.

இப்போது மணலி பஸ்ஸில், கால்களுக்கு நடுவே குடத்தை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெண் என்பதால் எனக்கு டிக்கெட் இலவசம். குடத்துக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார் கண்டக்டர்.

எந்த உரிமையைச் சொல்லி இவரிடம் வாதாடுவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், மறுபடியும் இந்தப் பக்கம்தான் வருகிறார்.