ஏழாவது கோட்டு

வாசலில் யாராவது வந்து நின்றால், கலையரசி அக்கா தையல் மிஷினை நிறுத்தாமலே தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். “முப்பத்தாறு. கை ஒம்போது. துணிய வச்சுட்டுப் போ.” அளவெடுப்பு முடிந்தது. கழுத்தில் டேப் தொங்கும். அதை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருடமாகத் தைக்கிறார். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் அவர் தைத்த ரவிக்கையில்தான் காலையில் ஜீப் ஏறுகிறார்கள்.

என் இரண்டு ரவிக்கைகளும் ஆவணியிலிருந்து அங்கேயே கிடக்கின்றன. கேட்டால், “கனடாச் சோலி முடியட்டும் ஆத்தா” என்பார்.

அக்காவின் மகள் ரோஜாவுக்கு மாசியில் கல்யாணம், கியூபெக்கில். மாப்பிள்ளை செழியன் சிலமலைப் பையன்தான். இருவருக்கும் வேலை அங்கே. ஏதோ தாள் கைக்கு வரவேண்டியிருக்கிறதாம், இப்போது கிளம்பி வந்தால் திரும்பிப் போவது சிக்கல். ஆகவே பிரெஞ்சு பேசுகிற ஊரில், முழங்கால் அளவு பனியில், நம்மூர்க் கல்யாணம். மண்டபக்கார அம்மாள் வீடியோவில் பிரெஞ்சில் பேச, ரோஜா நடுவில் தமிழில் சொல்ல, அக்கா கேட்ட முதல் கேள்வி: “வாழமரம் கட்டத் தூணு இருக்கா?” அந்த அம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு போய்த் தூணைக் காட்டினார். “தூணு இருக்கும்மா, மரத்துக்குத்தான் எங்க போறது” என்றாள் ரோஜா. மறுநாளே பச்சைத் துணியில் இரண்டு வாழைமரம் தைத்தாயிற்று, குலையோடு.

குளிர் மைனஸ் இருபது என்று தெரிந்ததும் கம்பளி வைத்துக் கோட்டு தைக்க உட்கார்ந்தார். தைத்தால் மட்டும் போதுமா? முதல் கோட்டை வீட்டுக்காரர் பாண்டியராஜனுக்கு மாட்டி, ஐஸ் கம்பெனி அறைக்குள் பத்து நிமிடம் நிறுத்திவைத்தார். பாவம், வெளியே வந்த மனிதர், “ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, காதுதான் எங்கருக்குன்னு தெரியல” என்றார். அன்றே எல்லாக் கோட்டுக்கும் தொப்பி சேர்ந்தது.

இத்தனை அலைச்சலிலும் அக்காவுக்கு ஒரு நிம்மதி உண்டு. “முன்னூறு வீட்டுக்குப் பத்திரிக வச்சேன், ஒருத்தரும் வரப்போறதில்ல. எவன் பேர மொத போட்ட, பந்தியில எங்களக் கவனிக்கலன்னு ஒரு வம்புமில்ல” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் முழுசாக நம்பவில்லை. போகிறவர்கள் ஆறு பேர். கொடியில் தொங்கியது ஏழு கோட்டு. ஏழாவது, தோள் அகன்ற ஆண்பிள்ளைக் கோட்டு. கேட்டேன். “துணி மிஞ்சிச்சு” என்றார்.

அது யார் தோள் என்று எனக்குத் தெரியும். குரங்கணியில் ஜீப் ஓட்டுகிற சோலைமலை, அக்காவின் கூடப் பிறந்த அண்ணன். ரோஜா பெரியவளானபோது நடந்த சடங்கன்று, மலைப்பாதையில் மரம் விழுந்து அவருடைய ஜீப் நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறதென்று அவசரப்பட்டு, தாய்மாமன் போடவேண்டிய மாலையைத் தனக்கு அண்ணன் முறையாகும் வேறொருவரைப் போடச் சொன்னவர் அக்காதான். சீர்த்தட்டோடு வந்து சேர்ந்த சோலைமலை அதைப் பார்த்தார். தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. கல்யாணத்திலும் மாமன் மாலை இல்லாமல் ரோஜா மணமேடை ஏறவேண்டியிருக்குமோ என்பதுதான் அக்காவை அரித்துக்கொண்டிருந்தது. பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் கையில் வாங்கியது அண்ணன் இல்லை, மதினிதான்.

போன வாரம் நான் வழக்கம்போல ரவிக்கைக்காக நின்றிருந்தபோது, வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சோலைமலை இறங்கினார். நன்றாக மெலிந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மிஷின் மேல் வைத்தார்.

“ரோஜாப் பாப்பா அங்கருந்து விசாவுக்கு லெட்டர் அனுப்பியிருந்தா. விசா வந்துருச்சு.” கொடியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தபடி கேட்டார்: “அங்கயும் வழியில மரம் கிரம் விழுந்தா, நான் வர்ற வரைக்கும் நிப்பாட்டி வைப்பியா?”

மிஷின் நின்றது. “வைப்பேன்ணே. நேரம் போனாப் போகட்டும்.”

அந்த ஒரு பதிலில் எனக்கே பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. ரவிக்கையைக் கேட்க வாய் வரவில்லை.

அக்கா ஏழாவது கோட்டை எடுத்து அண்ணனுக்கு மாட்டிவிட்டார். பழைய அளவு. தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. எத்தனை இஞ்சு பிடிக்கவேண்டும் என்று நின்ற இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். அண்ணனின் ஒரு தோளில் அதன் நுனியை வைத்து, மறு தோள்வரை மெதுவாக நீட்டினார். அளவைப் பார்த்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.