நீலக் கிளிப் போட்ட முகங்கள்

இல்லை, அது பொய். சந்திரவதனாவை யாரும் வேலையால் நிறுத்தவில்லை. ஜெயரட்ணத்தார் தலைப்பாகை கட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்ததைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் பிடித்தது என்பதும் பொய். இந்த இரண்டையும் நாகேஸ்வரி, பொங்கலுக்கு எடுத்த மண்டபத்தின் குசினியில் வடை சுட்டுக்கொண்டே பத்துப் பேர் கேட்கச் சொன்னாளாம். வடையைத் திருப்பிப் போடுகிற மாதிரி ஒரு மனிசியின் பெயரையும் திருப்பிப் போடலாமா? அந்த ஸ்டூடியோவின் வாசற்படியை நாகேஸ்வரி ஒருநாளாவது மிதித்ததுண்டா? இல்லையே. பிறகென்ன கதை? நடந்ததை முதலில் இருந்து கேட்டால்தான் விளங்கும்.

சந்திரவதனா சுன்னாகத்துப் பெண். எழுபத்தொன்றாம் ஆண்டு புருசன் ஆனந்தராஜாவோடு மெல்பேர்னுக்கு வந்தாள். அவருக்கு ரயில்வேயில் பாலங்களின் படம் வரைகிற வேலை. அந்தக் காலத்தில் இங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒரு வீட்டு முன்னறையில் இருத்திவிடலாம். ஒரு வீட்டில் மிளகாய்த்தூள் வறுத்தால் மற்ற வீட்டுக்காரர் தும்முவார்கள் என்று பகிடி விடுவார்கள். அவளுக்கு டைப் அடிக்கத் தெரியும். ரிச்மண்டில் தொலைக்காட்சித் தொடர்கள் எடுக்கிற ஒரு கம்பெனியில் டைப் அடிக்கத்தான் போனாள்.

அங்கே நடிகர்களைத் தெரிவுசெய்கிற அறை என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைவி மார்ஜரி என்ற வெள்ளைக்காரி. சுவர் முழுக்க இழுத்துத் திறக்கிற இரும்பு லாச்சிகள், லாச்சி முழுக்க அட்டைகள், அட்டைக்கு ஒரு முகம். முகத்தின் கீழே ஆளின் உயரம் எழுதியிருக்கும்; குதிரை ஓட்டுவாரா, படியில் உருண்டு விழுவாரா என்பதும் எழுதியிருக்கும். ஒருநாள் மார்ஜரி தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூக்கு உடைஞ்ச ஒரு ஆள். போன குளிர்காலத்திலை ஹோட்டல் வெயிற்றராக வந்தவன். பெயர் ஞாபகமில்லை!"

தேத்தண்ணி கொண்டுபோன சந்திரவதனா கோப்பையை வைத்துவிட்டு, "மூண்டாவது லாச்சி, கடைசிக்குக் கிட்ட. இப்ப அவர் மீசை வைச்சிருக்கிறார். போன கிழமை வாசலிலை கண்டனான்" என்றாள்.

இருந்தார் அந்த ஆள், அவள் சொன்ன இடத்தில். அடுத்த திங்களே டைப் மெஷினை விட்டு அவளை அந்த அறைக்குள் எடுத்துவிட்டார்கள். ஒருமுறை கண்ட முகத்தை அவள் மறக்கமாட்டாள். கல்யாண வீட்டில் நாலாவது வரிசையில் இருந்தவரைப் பத்து வருசம் கழித்துச் சந்தையில் கண்டு சுகம் விசாரித்தவள் அவள்.

அப்போது அந்தக் கம்பெனி 'கறுப்புக் குடை' என்று ஒரு ஒற்றர் தொடர் எடுத்தது. கிழமைக்கு ஒரு கதை. களவுபோன கடிதம், கப்பலில் கொலை, பொய்க் கடவுச்சீட்டு. ஒவ்வொரு கதைக்கும் அந்தத் தொடருக்கு வெளியில் இருந்து பெயர்பெற்ற ஒரு நடிகரை விருந்தாளியாகக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதிலும் அவர்களுக்குள் ஒரு பகிடி இருக்கும். அதே கம்பெனியின் பொலிஸ் தொடரில் இன்ஸ்பெக்டராக வருகிறவரை இதில் கள்ளனாக்கி, பிடிக்க வருகிற கொன்ஸ்டபிளைக் கொண்டு, "உன்னை எங்கேயோ கண்டிருக்கிறேனே" என்று சொல்ல வைப்பார்கள். பார்க்கிற சனத்தில் தெரிந்தவர் சிரிப்பார், தெரியாதவருக்கும் கதை ஓடும். யாருக்கு எந்த வேசம் என்று முடிவானதும், அப்படிப் பகிடிக்காக எடுத்த ஆளின் அட்டையில் ஒரு நீலக் கிளிப் போடுவார்கள். மற்றவர்களுக்கு வெள்ளைக் கிளிப்.

சந்திரவதனா வந்தபிறகு நல்ல நீலக் கிளிப் எல்லாம் அவள் போட்டதுதான். வில்ஃப் என்றொரு கிழவர் இருந்தார். அவருக்குத் தொடரில் ஒரே வேலை, சாகிறது. நஞ்சு குடித்துச் செத்தார், லிஃப்ற்றில் செத்தார், தூதரகத்துப் பியானோவின் மேலே விழுந்தும் செத்தார். ஏழுதரம் செத்தும் வாய்திறந்து ஒரு சொல் பேசினதில்லை. எட்டாவது தரம் சந்திரவதனா அவருடைய அட்டையை எடுத்துப் பிணத்தைச் சோதிக்கிற டாக்டர் இடத்தில் வைத்தாள். கிழவர் குனிந்து பார்த்து, நாடியைப் பிடித்து, "சந்தேகமே இல்லை. இதிலே எனக்கு அனுபவம் உண்டு" என்றார். கமரா பிடித்தவன் சிரித்ததில் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வில்ஃப் பேசுகிற நடிகர்களின் பட்டியலில் ஏறிவிட்டார். அவருடைய மனிசி சந்திரவதனாவுக்கு ஒரு போத்தல் எலுமிச்சை ஜாம் கொண்டுவந்து கொடுத்தாள். மறந்துபோன ஆட்களை லாச்சியின் அடியில் இருந்து தூக்கிவிடுகிற பகிடிகள் அவளுடையவை. புகழ் மார்ஜரிக்குப் போனது. சந்திரவதனா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எழுபத்தைந்தாம் ஆண்டு தொலைக்காட்சிக்கு நிறம் வந்தது. அந்த வருசம்தான் தூதர் கதையும் வந்தது.

வரைபடத்தில் இல்லாத ஒரு கீழைநாடு. அதன் தூதர் மெல்பேர்னில் காணாமல் போகிறார். தூதருக்கு நல்ல வசனங்கள், மூன்று பக்கம். வாசித்த உடனே சந்திரவதனாவுக்கு ஜெயரட்ணத்தார் நினைவுக்கு வந்தார். ஊரில் இங்கிலிஷ் வாத்தியார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தோற்றுப்போவார், அப்படிக் குரல். இங்கே அவருடைய சான்றிதழை ஒருவரும் ஏற்காமல் ட்ராமில் கண்டக்டராக நின்றார். அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படம் எடுத்து, அட்டை போட்டு, தயாரிப்பாளர் கீத்தின் மேசையில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் அட்டையில் பச்சை மையால் ஒரு சரி அடையாளம்.

அங்கேதான் அவள் பிழைவிட்டாள். அதை ஏன் மறைக்கவேண்டும்? கிளிப் போடும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை. மூன்று பக்கத்தையும் டைப் அடித்து ஜெயரட்ணத்தாருக்குக் கொடுத்து, "அண்ணை, உங்கட முகம்தான். பாடமாக்குங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவர் வீட்டில் சொன்னார், வீடு ஊருக்குச் சொன்னது. எங்கள் ஆள் ஒருவர் பெயரோடு தொலைக்காட்சியில் வரப்போகிறார் என்று நாகேஸ்வரிகூட அன்றைக்குச் சந்தோசப்பட்டவள்தான். இப்போது மறந்துவிட்டாள்.

படப்பிடிப்புக்கு முதல்நாள் மேக்கப் அறையில் இருந்து மார்ஜரி கூப்பிட்டாள்.

"டார்லிங், ஒரு நிமிசம் வாரும். கையை நீட்டும்."

கதிரையில் இருந்தவர் பொலிஸ் தொடரின் இன்ஸ்பெக்டர்! முகம் முழுக்க மண்ணிற மை. கறுப்பு வெள்ளைக் காலத்தில் எந்த மையும் சரிவந்தது. நிறப் படத்தில் அது பழுத்த பப்பாப்பழம் மாதிரித் தெரிந்ததாம். மேக்கப்காரன் சந்திரவதனாவின் சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, அந்தக் கையை வெள்ளைக்காரனின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, ஒரு டப்பாவை மூடி இன்னொன்றைத் திறந்தான்.

"அசையாதையும். இந்த நிறம்தான் வேணும்."

அவள் அசையவில்லை. என்ன நடக்கிறது என்று பிடிபடவே சற்று நேரம் எடுத்தது. "இந்தக் கதையிலை இவர் ஆர்?" என்று மட்டும் கேட்டாள்.

"தூதர்!" என்று சிரித்தார் பக்கத்தில் நின்ற கீத். "மைக்குள்ளை ஆர் எண்டு சனம் கண்டுபிடிக்கும், அதுதான் பகிடி. உம்மட ட்ராம்காரர் அவருக்குத் தட்டத்திலை தேத்தண்ணி கொண்டுவருவார். உண்மையான ஆள் பொய்யான ஆளுக்குக் குனிஞ்சு கும்பிடுவார். நல்லா இல்லையோ?"

ஜெயரட்ணத்தாரின் அட்டை மேசையில் கிடந்தது, நீலக் கிளிப்போடு.

"ஜெயரட்ணம் அண்ணை என்னிலும் நல்லாய் இங்கிலிஷ் பேசுவார், உங்கட ஆளிலும் நல்லாய்ப் பேசுவார்" என்றாள் சந்திரவதனா. "ஒருக்கா வாசிக்க விட்டுப் பாருங்கோ."

"அவரைப் போட்டால் பகிடி எங்கை இருக்கு?"

"வில்ஃபை வைச்சுச் செய்த பகிடியிலை வில்ஃபும் சேர்ந்து சிரிச்சார். இதிலை ஜெயரட்ணம் அண்ணை எந்த இடத்திலை சிரிக்கிறது?"

கீத் மணிக்கூட்டைப் பார்த்தார். மேக்கப்காரன், "கையை இன்னும் கொஞ்சம் மேலே" என்றான்.

ஜெயரட்ணத்தார் வீட்டில் டெலிபோன் இல்லை. வேலை முடிந்ததும் அவள் போய் அவருடைய பாதையில், தரிப்பிடத்தில் நின்றாள். வந்த ட்ராம்களை எல்லாம் விட்டு, ஐந்தாவதில் அவரைக் கண்டு ஏறினாள்.

"தங்கச்சி! இரும், இரும். டிக்கெற் வேண்டாம்."

"தாங்கோ அண்ணை. சும்மா ஏறினால் பிழை உங்களுக்கு."

"மூண்டாம் பக்கமும் பாடம். கேளும்." தோளில் தொங்கிய பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "'எங்கள் நாடு சிறியது, ஐயா. ஆனால் அது விற்பனைக்கு அல்ல.'" முன் ஆசனத்துக் கிழவிகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிக் குரல்.

சந்திரவதனா கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாள். "அண்ணை, அது உங்களுக்கு இல்லை. ஒரு வெள்ளைக்காரனுக்கு மை பூசுகினம். என்ரை கையைப் பிடிச்சு வைச்சுத்தான் நிறம் பார்த்தவை. பிழை என்னிலை. முடிவாகிறதுக்கு முன்னம் உங்களுக்குச் சொல்லிப்போட்டன்."

அவர் ஒரு கிழவிக்கு டிக்கெற் கிழித்துக் கொடுத்து, மிச்சம் கொடுத்து, நன்றியும் சொன்னார்.

"எனக்கு என்ன வேசம்?"

"தட்டம் கொண்டு போறது. பேச்சு இல்லை."

"தலைப்பாகையோ?"

"ஓம்."

"இஞ்சை தொப்பி, அங்கை தலைப்பாகை" என்று சிரிக்கப் பார்த்தார். அது சரிவரவில்லை. "சின்னவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப்போட்டாள், தங்கச்சி. தட்டமெண்டாலும் நான் வரத்தான் வேணும்."

"வாங்கோ. அது உங்கட முடிவு. ஆனால் நான் அங்கை நிக்கமாட்டன்."

"எனக்காக வேலையை விடாதையும்."

"உங்களுக்காக இல்லை அண்ணை. என்ரை கைக்காக."

வீட்டுக்கு வந்து ஆனந்தராஜாவிடமும் இதையே சொன்னாள். அவர் அதிகம் கதைக்கிற ஆளில்லை. "நாளைக்கே சொல்லப்போறீரோ?" என்று கேட்டார். "ஓம்" என்றாள். "அப்ப என்ரை குடையைக் கொண்டுபோம், மழை எண்டு ரேடியோவிலை சொன்னவன்" என்றார். புருசன் மறித்துத்தான் வேலையை விட்டாள் என்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை வேலைவிடுகிற கடிதத்தை அவளே டைப் அடித்து மார்ஜரியின் மேசையில் வைத்தாள். மார்ஜரி ஸ்டூடியோவுக்குப் போயிருந்தாள்; நேரிலும் சொல்லிவிட்டுப் போக இவளும் அங்கே போனாள். அங்கே உள்ளே படம் எடுக்கும்போது கதவின் மேலே சிவப்பு விளக்கு எரியும். எரிகிற நேரம் ஒருவரும் கதவைத் தொடக்கூடாது. அவள் உள்ளே நுழைந்து நிற்கவும் விளக்கு எரிந்தது.

ஜெயரட்ணத்தார் தட்டத்தோடு வந்தார். வெள்ளித் தட்டம், ஐந்து கோப்பை. தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மை பூசின தூதருக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்தார், கொஞ்சம்தான். அதைவிடக் குனியவில்லை. ஒரு துளி சிந்தவில்லை, கோப்பை ஒன்றில் ஒன்று முட்டிச் சத்தமும் எழவில்லை. அவருடைய காட்சி கெடக்கூடாது என்று சந்திரவதனா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சையும் அடக்கி நின்றாள். எரிச்சல் பிடித்தவள் அப்படியா நிற்பாள்? ஒரு இருமல் போதும், அந்தக் காட்சியைக் கெடுக்க.

"கட்!"

விளக்கு அணைந்தது. தூதரின் கழுத்து வேர்வையில் மை கரைந்து, காலருக்கு மேலே வெள்ளையாய் ஒரு கோடு தெரிந்தது. மார்ஜரி அங்கும் இங்கும் பார்த்து இவளைக் கண்டாள்.

"நல்லவேளை! டார்லிங், ஓடிவாரும். உம்மட கை வேணும்."

ஸ்டூடியோவில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள், தட்டத்தோடு நின்ற ஜெயரட்ணத்தாரும்.

"என்ரை கை என்னோடை வருகுது, மார்ஜரி" என்றாள் சந்திரவதனா. சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டு, அந்தப் பெரிய கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள்.