இருபத்தொன்றாவது தோள்

கடற்கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பீரங்கிமேட்டில் படமெடுத்துக்கொண்டு, கடைசியில் சுரங்கப்பாதைக்கு வருவார்கள். அங்கே வழிகாட்டியாக இருந்தவருக்குத் தோள்தட்டி என்று பட்டப்பெயர். பாதையின் கடைசி வளைவில் எந்த விளக்கும் ஒரு மாதம் தாங்காது, உப்புக்காற்று தின்றுவிடும். அந்த இருட்டில் நின்று, குனிந்து கடக்கிற ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு எண்ணுவார். கடல் ஏறும் நேரம் வந்தால் சுரங்கம் கூரைவரை நிரம்பும். யாராவது உள்ளே தங்கிவிட்டால் அவ்வளவுதான்.

பத்தொன்பது வருடத்தில் அவர் ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. ஆனால் எண்ணிக்கை மட்டும் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. இருபது பேர் போனால் இருபத்தொன்று வரும். கடைசித் தோள் நனைந்து, மீனைத் தொட்டதுபோல் சில்லிட்டிருக்கும். முதல் தடவை காய்ச்சலில் படுத்தார். பிறகு பழகிவிட்டது. மாமியாரோடு பழகியவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

"அங்க என்னமோ எண்ணிக்கோங்க. வீட்டுல ரெண்டு புள்ளைங்களுக்கு மூணு தட்டு வைக்காதீங்க" என்பாள் மனைவி. மேலதிகாரிக்கு அந்த நகைச்சுவை உணர்வு இல்லை. "இன்னொரு தடவை பேய்க்கதை பேசினா வேலை போயிடும்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை இருபது பேரை அழைத்துப் போனார். திரும்பும்போது வளைவில் எண்ணினார். கடைசியாக வந்தது ஈரத்தோள். அதையும் சேர்த்து இருபதுதான்.

உயிருள்ளவர்கள் பத்தொன்பது பேர்தான் வெளியே வந்திருக்கிறார்கள். வந்தவர்களோ அதற்குள் கடற்கரையில் சிதறிவிட்டார்கள். சுரங்க வாசலில் கதவுக்காரன் பூட்டோடு நின்றான்.

"எத்தனைண்ணே?"

"இருபது."

"போனதும் இருபதுதானே? அதிசயமா சரியா வந்திருக்கு. இனிப்பு வாங்கிக் குடுங்க."

"சரியா வந்ததுதான்டா தப்பு. ஒரு ஆளு உள்ள இருக்கு."

"தண்ணி முதப் படியத் தொட்டுடுச்சுண்ணே. அதிகாரி கேட்டா என்ன சொல்றது?"

"பேயத் தேடிப் போயிருக்கேன்னு சொல்லு. நான் வர்ற வரைக்கும் பூட்டாத."

டார்ச்சோடு இறங்கினார். முழங்கால்வரை தண்ணீர். பக்கத்து அறை ஒன்றில், சுவரில் பழைய கைதிகள் கீறிவைத்த பெயர்களைப் படிக்க ஒதுங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். முகத்தில் பதற்றமே இல்லை.

"மறுபடியும் எதுக்குங்க அலையறீங்க? இப்பத்தானே தோளைத் தொட்டு, 'இன்னும் ஒண்ணு'ன்னு சொல்லிட்டுப் போனீங்க. ஆளக் கூட்டிட்டு வரத்தான் போறீங்கன்னு இருந்தேன்."

டார்ச் வெளிச்சத்தில் அவருடைய சட்டையின் தோளில் ஐந்து விரல்களின் ஈரம் தெரிந்தது. தோள்தட்டி அவரை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வெளியே வந்ததும் கதவுக்காரன் பூட்டாமல் உள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஒங்க பின்னாடியே ஒருத்தரு வந்தாரே. வளைவுலயே நின்னுட்டாரு. கூப்பிடவா?"

தோள்தட்டி திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம். அவரு இங்கயே இருக்கறவரு. நீ பூட்டு."