லேஞ்சி போட்ட சீட்

வீட்டு வேலைக்கு இரண்டாம் முறை குவைத் போனபோது எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. விமானத்தில் ஏறிப் பார்த்தால் அந்த சீட்டின் மேல் ஒரு லேஞ்சி விரித்துக் கிடந்தது. எங்கள் ஊர் பதுளையில் பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே வேலை. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் பையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இது என் சீட்டுங்க” என்றேன்.

“லேஞ்சி போட்டிருக்கேன், கண்ணு தெரியலியா? பின்னால போய் உக்காரு.”

பேச்சைக் கேட்டதுமே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. கோட்டு, டை, பெரிய கைக்கடிகாரம் எல்லாம் இருந்தன. புத்தி மட்டும் இன்னும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றது.

“இது ஹாலிஎல பஸ் இல்லைங்க, அண்ணே.”

“கொழுந்து பறிக்கிறவளுக்கு ஜன்னல் கேக்குதோ?”

தேயிலைத் தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறையாக நாங்கள் இருக்கும் ஒற்றை அறைக் காம்பரா இன்றுவரை எங்கள் பெயரில் இல்லை. இந்த சீட்டுக்கான போர்டிங் பாஸில் என் பெயர் அச்சடித்திருந்தது. அதை இவருடைய லேஞ்சிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு பேருடையதையும் வாங்கிப் பார்த்தாள். அவருக்கு மூன்று வரிசை பின்னால், நடுச் சீட்.

லேஞ்சியை இரண்டு விரலால் தூக்கி அவரிடம் நீட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பிடி ஜன்னல்ல என்னத்த பாக்கப் போற?” என்றார்.

“ஒண்ணும் பாக்க மாட்டேன். தூங்கப் போறேன்.”

ஜன்னல் மூடியை இழுத்துவிட்டு, குவைத் வரும்வரை தூங்கினேன்.